கூர்முனையும் சும்மாபாக்கறேனும்

அதுல உக்காராதீங்கம்மா, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கால் ஆட்டம். வாடகைக்கு வந்தது, எடுத்துட்டுப் போக இன்னும் ஆள் வரல. போன் பண்ணா இதோ கிளம்பிட்டோம்கறான், நாலு நாளா கிளம்பிக்கிட்டே இருக்கான். இப்படி சோபாவுக்கு வாங்க. பெட்டிய ஏன் மடியிலயே வெச்சிருக்கீங்க, டீப்பாய் மேல வைங்க. யாரும் பிடுங்கிட மாட்டாங்க.

இல்ல, சார் இல்ல. வாசல்லயே சொன்னேனே. எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க, இந்த வீட்ல எல்லாக் கடுதாசியும் நான்தான் படிக்கறது. குடுங்க. கண்ணாடி எங்க வெச்சேன்? தலைமேலயா, சரி.

ம். ம். இந்த ஆன்லைன் ஏலக் கடைக்காரங்களுக்கு நேராப் பேச வராதா? ஐயத்திற்கிடமான செயல்பாடாம். ஒரே வீட்டு இன்டர்நெட் இணைப்புல இருந்து ரெண்டு கணக்கு, ரெண்டும் ஒரே பொருளுக்குப் போட்டி போட்டு விலைய ஏத்தியிருக்கு, அதனால வித்தவங்க ஆள் வெச்சு ஏத்தினாங்களோன்னு சந்தேகம். வித்தவங்கன்னா நீங்க. அதுவரைக்கும் உங்க கணக்கை நிறுத்தி வெச்சிருக்கு. ரெண்டு பேரும் விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போடணும், வெள்ளிக்கிழமைக்குள்ள. இல்லன்னா நிரந்தரமா மூடிடுவாங்க. அவ்வளவுதானே? இதை எழுத ஒரு பக்கம்.

நீங்க ஏன் அழறீங்க? அழாதீங்க. உள்ள நாத்தனார் படுத்திருக்காங்க, அழுகைச் சத்தம் கேட்டா எழுந்து வந்துடுவாங்க. அப்புறம் அவங்களை அடக்கறது எனக்கு ஒரு வேலை. டிஷ்யூ அந்த அலமாரி மேல இருக்கு. பெட்டி பெட்டியா இருக்கு, எடுத்துக்கோங்க. இந்த வீட்ல இப்ப எல்லாமே நிறைய இருக்கு. பிளாஸ்க் மட்டும் ஆறு இருக்கு. எது யாரோடதுன்னு தெரியல.

பிழைப்பே அதுதானா? தெரியுது. காலி பண்ற வீடுங்கள்ல மொத்தமா வாங்கி, தொடைச்சு, போட்டோ எடுத்துப் போடறீங்க. இன்னும் பதினோரு சாமான் பாதி ஏலத்துல நிக்குதா? பாவம்தான். நான் உங்களை ஒண்ணும் தப்பா நினைக்கலம்மா. உங்க விளம்பரத்துல நாலு வரியில மூணு பிழை, அதைத்தான் தப்பா நினைச்சேன். எங்க கான்வென்ட்ல அப்படி எழுதியிருந்தா சிஸ்டர் முட்டி போட வெச்சிருப்பாங்க.

கையெழுத்துதானே, போடறேன். அதுக்குத்தானே உக்கார வெச்சிருக்கேன். ஆனா விளக்கம்னா முழுசாச் சொல்லணுமில்ல. அரைகுறையா எழுதிக் குடுத்தா இன்னொரு கடுதாசி வரும். டீ குடிங்க. அந்தச் சிவப்பு பிளாஸ்க்ல இருக்கறது காலையில போட்டது, பரவாயில்லாம இருக்கும். நீலத்தைத் தொடாதீங்க, அது நேத்தையது.

அந்தக் கண்ணாடி பீரோவைப் பாத்தீங்களா? பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருக்கீங்க. எல்லாரும் அப்படித்தான். வேற வீட்ல அதுல கோப்பையோ மெடலோ இருக்கும், எங்க வீட்ல அறுபத்திமூணு ஷார்ப்னர். எல்லாம் கைப்பிடி சுத்துற மேஜை ஷார்ப்னர். வீட்ல ஒரு பென்சில் கிடையாது. நான் கேட்டிருக்கேன், ஏங்க, மாடு இல்லாத வீட்ல எதுக்கு இத்தனை மூக்கணாங்கயிறுன்னு. அதுக்குச் சிரிப்பாரு. வாயைத் திறந்து பதில் சொல்ற பழக்கம் அவருக்கு அவ்வளவாக் கிடையாது. காலையில ஒண்ணு கேட்டா சாயங்காலம் பதில் வரும். அதுக்குள்ள கேட்டது எனக்கே மறந்திருக்கும்.

லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு கட்டடமாப் போய், கயிறு சரியா இருக்கா, பிரேக் பிடிக்குதா, கதவு மூடுதான்னு பாத்துக் கையெழுத்துப் போடணும். இருபத்தெட்டு வருஷமா ஒரு நாளைக்கு நூறு மாடி ஏறினாரு, பதவியில ஒரு படி ஏறல. இதையும் அவர்கிட்டயே சொல்லியிருக்கேன், பின்னாடி பேசறேன்னு நினைக்காதீங்க. அப்படி ஏதோ ஒரு கட்டடத்துல, மூடிட்டுப் போன ஒரு ஆஃபீஸ் வாசல்ல, குப்பைக் கூடையில கிடந்ததுதான் முதல் ஷார்ப்னர். எடுத்துட்டு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சாரு. நாம கட்டிக்கிட்டு வந்தப்ப நம்மள இப்படி ஒரு நாள் தொடைச்சுப் பாத்திருப்பாரான்னு நினைச்சேன். சரி, அது கிடக்கட்டும்.

பிரிக்கட்டுமா? எங்களுக்குத்தானே கொண்டு வந்தீங்க. பணம் அன்னிக்கே போயிடுச்சு, அவர் கார்டு அதுலயே பதிஞ்சு கிடந்துச்சு. கத்தி வேண்டாம், நகம் போதும். நல்லாத்தான் சுத்தியிருக்கீங்க.

பச்சை. ம். போட்டோவுல இன்னும் கொஞ்சம் வெளிறித் தெரிஞ்சுது.

இந்தக் கம்பெனிக்காரன் இதே மாடலை நாலு நிறத்துல போட்டிருக்கான். சிவப்பு, கறுப்பு, சாம்பல் மூணும் பீரோவுல இரண்டாவது தட்டுல இருக்கு. பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு பாருங்க. ஒன்பது வருஷமா அதுல தூசி தட்டியிருக்கேன். காலி இடத்துல ஏதாவது வெச்சுத் தொலைக்கலாம்ல, மாட்டாரு. பச்சை வரும்பாரு. மாப்பிள்ளை வர்றதுக்கு மணையைப் போட்டு வெச்ச மாதிரி.

அடியில சின்னதா ஒரு சில்லு போயிருக்கே, விளம்பரத்துல சொல்லலியே. விடுங்க, விடுங்க, உடனே முகத்தைத் தொங்கப் போடாதீங்க. இதே மாதிரி ஒண்ணு எங்க வகுப்புல சிஸ்டர் மேஜையோரத்துல திருகி வெச்சிருந்துச்சு. பென்சில் சீவணும்னா கையைத் தூக்கி அனுமதி கேக்கணும். மூணு சுத்து. நாலாவது சுத்து சுத்தினா வெளிய நிக்கணும். மூணு சுத்துல எந்தப் பென்சில் கூராகும் சொல்லுங்க. இன்னிக்கு வரைக்கும் எதைத் திருகினாலும் மூணோட கை நின்னுடுது, குழாயக் கூட.

விஷயத்துக்கு வரேன். அவசரப்பட்டா எப்படி, நான்தான் பொறுமையில்லாதவன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க, நீங்க எனக்கு மேல இருக்கீங்க.

இவருக்கு இந்த மாசக் கடைசியில ரிட்டையர்மெண்ட். ஆபீஸ்ல என்ன குடுப்பாங்க, ஒரு கடிகாரம், ஒரு சால்வை, கண்ல தண்ணியோட ஒரு பேச்சு. சரி, நாமளாவது உருப்படியா ஒண்ணு குடுப்போம்னு நினைச்சேன். உருப்படின்னா அவர் கணக்குல உருப்படி. நானே அந்த ஏலக் கடைக்குள்ள போய்ப் பேர் பதிஞ்சேன். பேர் என்னன்னு கேட்டுச்சு. சும்மாபாக்கறேன்னு போட்டேன். துணிக்கடையில கடைக்காரன் என்ன வேணும்மான்னு பின்னாலயே வந்தா அப்படித்தான் சொல்றது, அதே வாயில வந்துடுச்சு.

ஆமா. உங்க கடுதாசியில இருக்கற இரண்டாவது கணக்கு நான்தான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? இந்த வீட்ல வேற யார் இருக்கா?

மூணு வாரத்துல உங்க பச்சை வந்து விழுந்துச்சு. பதினாலு நாள் ஏலம். நான் உடனே ஒரு விலை கேட்டேன். சமையல் மேடையில காய் நறுக்கிட்டே ஒரு கையால. கொஞ்ச நேரத்துல யாரோ கூர்முனைன்னு ஒரு ஆள் எனக்கு மேல கேட்டிருக்கான். சரின்னு நான் இன்னும் கூட்டினேன். அவனும் கூட்டினான். விடாக்கண்டன் கொடாக்கண்டன்னு ரெண்டு நாள் போச்சு.

மூணாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது இவர் தானாப் பேச ஆரம்பிக்கறாரு. இவரு. தானா. எவனோ ஒருத்தன் குறுக்க வந்து நிக்கறான், பச்சையோட அருமை தெரியாதவன், பேரைப் பாரு, சும்மாபாக்கறேனாம், சும்மா பாக்கறவன் பாத்துட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்குக் கேக்கறான்னு. நான் கரண்டியைக் கையில வெச்சிட்டு நிக்கறேன். குழம்பு ஊத்தறதா வேண்டாமான்னு தெரியல. கூர்முனைன்னா இவர்தான். முப்பது வருஷமாக் கூடவே இருக்கேன், இவர் அங்க என்ன பேர் வெச்சிருக்காருன்னு எனக்குத் தெரியாது. கேட்டதில்ல.

நிறுத்தியிருக்கலாம், நீங்க சொல்றது சரிதான். அறிவுள்ளவ நிறுத்தியிருப்பா. ஆனா நிறுத்தினா என்ன ஆகும், அவரே வாங்கிடுவாரு, நான் திரும்பவும் கடிகாரம் சால்வை கூட்டத்துல போய் நிக்கணும். அது ஒண்ணு. இன்னொண்ணு என்னன்னா, அந்த மூணு நாள் மாதிரி அவர் என்கிட்ட பேசினதே இல்ல. ஆபீஸ்ல இருந்து வந்ததும் செருப்பைக் கழட்டாம நேரா அடுப்படிக்கு வருவாரு. அவன் மறுபடி கேட்டுட்டான் தெரியுமான்னு. அப்படியா, யாருங்க அந்த வெட்டிப்பயன்னு நானும் கேப்பேன். பெரிய பணக்காரனா இருப்பான்னுவாரு. இல்லங்க, பொண்டாட்டி கிட்ட திட்டு வாங்கறவனா இருப்பான், வேற வேலை இல்லாம இதுல வந்து உக்காந்திருக்கான்னு நான் சொல்லுவேன். அதுக்குச் சத்தமாச் சிரிச்சாரு. சிரிச்சிட்டு, பாவம் அவன்னாரு.

நான் கொஞ்சம் அனுபவிச்சேன், இல்லன்னு சொல்லல. அதை விளக்கத்துல எழுதணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

ஐஞ்சாம் நாள் சாயங்காலம் வந்து உக்காந்தாரு. இனிமே நான் பாக்கப் போறதில்லன்னாரு. உங்க கடையில அந்த வசதி இருக்கில்ல, உங்களுக்குத் தெரியாததா. அதிகபட்சம் இவ்வளவு வரைக்கும் போவேன்னு ஒரு தொகையைப் போட்டு வெச்சிட்டா, நாம அங்க இருக்கவே வேண்டாம். எதிராளி எவ்வளவு கேட்டாலும் அதுக்கு ஒரு படி மேல அதுவே நம்ம பேர்ல கேட்டுக்கும். அந்தத் தொகை தாண்டற வரைக்கும் நிக்காது. அந்தத் தொகை என்னன்னு நமக்கும் கடைக்காரனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அப்படிப் போட்டுட்டாரு. எவ்வளவு போட்டீங்கன்னு கேட்டேன். சொல்லல. இனி அவன் தலையை முட்டிக்கட்டும், எனக்கு நிம்மதின்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டாரு.

அவர் போன் சார்ஜர்ல கிடக்கு. உள்ள குளிக்கற சத்தம் கேக்குது. நான் சும்மா ஒரு தடவை கூட்டிப் பாத்தேன். விரலை எடுக்கல, அதுக்குள்ள பதில். கூர்முனை உங்களை விட அதிகம் கேட்டிருக்கிறார். ஆள் அங்க தலைக்குத் தண்ணி ஊத்திட்டிருக்காரு, இங்க கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பதில் வந்து நிக்குது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இந்த மனுஷன்கிட்ட உப்பு போதுமான்னு கேட்டு ஒரு நாள் கூட இந்த வேகத்துல பதில் வாங்கினதில்ல.

அது ஏழாவது தடவை. நல்லா ஞாபகம் இருக்கு.

ஆமா, கடுதாசியில நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. நானும் எண்ணினேன், கரெக்ட்தான். மீதி முப்பத்திநாலும் ஒன்பதாம் நாள்ல இருந்து. ஒவ்வொண்ணும் ஒரே ஒரு படி, அதுக்குக் கீழ போக ஏலக் கடைக்காரன் விடறதில்ல. இருந்தா அதுக்கும் கீழ கேட்டிருப்பேன். ஒரு ஃபிரிட்ஜ் விலைக்கு வந்துடுச்சு, அதனாலதான் அவங்க கண்ல பட்டிருக்கு. உங்களுக்குச் சந்தோஷமா இருந்திருக்கும் முதல்ல. பயமா இருந்துச்சா? இருக்கும்.

எங்க இருந்து கேட்டேன்னா? இங்கயேதான். வீடு நிறைய ஆளு. ஒருத்தர் போனா ஒருத்தர் வர்றாங்க. நாத்தனார் ஒரு பக்கம், கொழுந்தன் ஒரு பக்கம். எல்லாரும் என் முகத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. நான் குளியலறையில போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டு, வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து ஒரு தடவை அழுத்துவேன். பதில் வரும். இன்னொரு தடவை. பதில் வரும். ஒரு நாளைக்கு ஆறு ஏழுக்கு மேல வேண்டாம்னு நானே ஒரு அளவு வெச்சிருந்தேன். முகத்தைக் கழுவிட்டு வெளிய வருவேன். அழுதுட்டு வர்றான்னு நினைச்சுப்பாங்க. நாத்தனார்தான் நம்பல. கல்லு மாதிரி இருக்கா, ஒரு சொட்டு வரலன்னு அடுப்படியில யார்கிட்டயோ சொன்னது காதுல விழுந்துச்சு. அவங்க சொன்னதுல தப்பில்ல. வரலதான். வரும்னு நானும் பாத்தேன்.

டீ ஆறிப்போச்சே, குடிக்கலியா?

சரி, அந்தப் படிவத்தைக் குடுங்க. எங்க போடணும்? கணக்கு வைத்திருப்பவர் ஒன்று, இரண்டு. ரெண்டாவது நான். போட்டாச்சு. முதல் கட்டத்துக்குத்தான் அந்த மேஜை மேல ஒரு கவர் இருக்கு பாருங்க, பழுப்புக் கவர். அதுல சான்றிதழ் நகல் பத்து இருக்கு, கொழுந்தன் எடுத்துட்டு வந்தது. பேங்குக்கு ஒண்ணு, பென்ஷனுக்கு ரெண்டுன்னு எல்லாருக்கும் வேணுமாம். உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கோங்க. கையெழுத்துக்குப் பதிலா அதை வெச்சு அனுப்புங்க, ஒத்துப்பாங்க. தேதியைப் பாத்துக்கோங்க. ஏலம் ஆரம்பிச்சு ஆறாம் நாள்.

ஆமாம்மா. அன்னிக்குக் காலையிலதான். உக்காருங்க, எதுக்கு எழுந்துக்கறீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்.

பதினோரு மாடிக் கட்டடம். கரகரன்னு நின்னு நின்னு போற லிஃப்ட்டுல எல்லாம் வாழ்க்கை பூராப் போய் வந்தாரு, ஒண்ணும் ஆகல. இது நல்லா ஓடற லிஃப்ட்டு. ஏழாவது மாடியில கதவு திறந்தப்ப உள்ள உக்காந்திருந்தாராம். யாரோ தூங்கறாருன்னு நினைச்சுப் பக்கத்துலயே நின்னு ரெண்டு மாடி போயிருக்காங்க. பையில அந்த லிஃப்ட்டுக்கு எழுதின தாள் இருந்துச்சு. குறை ஒன்றும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாரு. எழுத்து கூட ஆடல.

அதுக்கு மூணாம் நாள் என் போன்ல ஒரு செய்தி வருது. நீங்கள் விரும்பிய பொருளின் ஏலம் இன்னும் ஐந்து நாளில் முடிகிறதுன்னு. நான் ஏதோ ஒரு ஞாபகத்துல, சும்மா, ஒரு படி கூட்டினேன். உடனே கூர்முனை உங்களை விட அதிகம் கேட்டிருக்கிறார். அவர் போட்டு வெச்சது அப்படியே ஓடிட்டிருக்கு. அதுக்கு ஒண்ணும் தெரியாதில்ல, மெஷின்தானே. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். உங்க கடைக்காரங்களுக்கு அது சட்டப்படி தப்பா இருக்கலாம்.

முப்பத்திநாலு தடவையும் பதில் வந்துச்சு. ஒண்ணு கூடத் தாமதமில்ல.

கடைசி நாள் முடிய ரெண்டு நிமிஷம் இருக்கும்போது வாளி மேலதான் உக்காந்திருந்தேன். வெளிய யாரோ கதவைத் தட்டறாங்க. விரல் மேலயே இருக்கு. அவர் எவ்வளவுக்குப் போட்டு வெச்சிருந்தாருன்னு எனக்குத் தெரியாது. இன்னும் நூறு படி இருக்கலாம். இல்ல, நான் நிக்கற இடத்தோட அது முடிஞ்சிருக்கலாம். அழுத்தினாத்தான் தெரியும். அழுத்தி, பதில் வராம, வாழ்த்துகள் இந்தப் பொருள் உங்களுடையதுன்னு வந்துட்டா நான் என்ன பண்றது?

அழுத்தல. அவரே ஜெயிச்சாரு.

பணமெல்லாம் திருப்பித் தர வேண்டாம். பேசாம உக்காருங்க. அவர் ஒத்துக்கிட்ட விலைக்குள்ளதான் முடிஞ்சிருக்கு, அவர் காசுல அவர் வாங்கினது. இரண்டாவது தட்டுல இடம் இருக்கு, நான் வெச்சுக்கறேன்.

இந்த விளக்கம்ங்கற கட்டத்துல நீங்களே எழுதிடுங்க, என் கை இன்னிக்குச் சரியில்ல. சொல்றேன், பிழை இல்லாம எழுதுங்க. ஒரே வீடு, ரெண்டு ஆளு, ரெண்டு பேரும் நிஜமாவே வாங்கத்தான் கேட்டோம். வித்தவங்களை எங்களுக்கு முன்னப் பின்னத் தெரியாது. போதும். இதுக்கு மேல எங்க எழுதறது, ரெண்டு வரிக்குத்தானே இடம் விட்டிருக்காங்க.